'தெரியும்... ஆனா எழுத வரல!' - ஒரு பாராவை உருப்படியா எழுத சிம்பிள் பிளான்

கேள்வித்தாளைத் திருப்பியதும் மனசுக்குள் ஒரு குட்டி சந்தோஷம். படித்த கேள்விதான் வந்திருக்கிறது. பேனாவைத் திறந்து விறுவிறுவென ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளிவிட்டு, 'இதுக்கு ஃபுல் மார்க்' என்ற நம்பிக்கையோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். பேப்பர் திரும்பி வரும்போது பார்த்தால், பாதி மார்க்தான். ஏன் என்று எந்தக் குறிப்பும் இருக்காது. ஒரு சிவப்புக் கோடு, ஒரு எண்... அவ்வளவுதான்.

பக்கத்து பெஞ்ச் நண்பன் அதே கேள்விக்கு முக்கால் பக்கம்தான் எழுதியிருப்பான். நம்மைவிடக் கம்மியாகத்தான் படித்திருப்பான். ஆனால், மார்க் கூட. 'அவனுக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்பா' என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். கையெழுத்தும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், அவன் என்ன சொல்ல வருகிறான் என்பது முதல் இரண்டு வரியிலேயே திருத்துபவருக்குப் புரிந்திருக்கும். நம் பேப்பரில் அதைத் தேட வேண்டியிருந்திருக்கும். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துகிறவருக்குத் தேட நேரம் ஏது?

'எல்லாம் தெரியும் சார், எழுதத்தான் வரல' என்று சொல்லும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. தெரிந்த விஷயங்கள் மனதில் ஒரே கூட்டமாக நிற்கின்றன. படிப்பவருக்கோ ஒவ்வொன்றாகத்தான் போய்ச் சேர முடியும். கூட்டத்தை வரிசையில் நிறுத்தும் வேலைக்குப் பெயர்தான் பத்தி. நம் பாஷையில் சொன்னால், பாரா. அதை எப்படி பிளான் பண்ணுவது என்று பார்ப்போம்.

பாரா யாருக்காக வந்தது?

பழைய ஓலைச்சுவடிகளைப் பார்த்திருக்கிறீர்களா? சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்காது. கமா, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை ஓட்டையாகிவிடும் என்பதால், மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். பாரா என்ற பேச்சுக்கே இடமில்லை. அது அன்றைக்குப் பெரிய குறையாகவும் இல்லை. சுவடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியர் இருந்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விஷயம் மாறுகிறது என்பதை அவர் குரல் சொல்லிவிடும்.

அச்சு வந்த பிறகு கதை மாறியது. புத்தகம் எங்கோ இருக்கும் ஒருவர் கைக்குப் போகிறது. விளக்கம் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. 19-ம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் நல்லூரைச் சேர்ந்த ஆறுமுக நாவலர் தன் பதிப்புகளிலும் பாடநூல்களிலும் நிறுத்தற்குறிகளைப் போட்டு, படிப்பவரின் வேலையைச் சுலபமாக்கியது இந்தக் காலகட்டத்தில்தான்.

'பாராகிராஃப்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பக்கத்தில் எழுதியது' என்று அர்த்தம். இங்கே பேச்சு மாறுகிறது என்று காட்ட ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டின் பெயர்தான் பின்னால் ஒரு முழு வாக்கியக் கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. 1866-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸாண்டர் பெயின், ஆங்கிலக் கட்டுரை எழுதுவது பற்றிய தன் புத்தகத்தில் பாராவுக்கென்றே தனியாக விதிகள் எழுதினார். ஒரு பாராவில் ஒரே விஷயம் இருக்க வேண்டும், அது என்ன விஷயம் என்பது தொடக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. இன்று நம் இங்கிலீஷ் மிஸ் சொல்லித்தரும் 'டாபிக் சென்டென்ஸ்' இந்த வழியில் வந்ததுதான்.

ஆக, பாரா என்பது படிப்பவருக்காகச் செய்யும் ஏற்பாடு. திருத்துபவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'நான் என்ன சொல்ல வந்தேன்னா...' என்று ஆரம்பிக்க நமக்கு வாய்ப்பு கிடைக்காது. அந்த விளக்கத்தைப் பாராவே சொல்லியாக வேண்டும்.

ஒரு பாரா, ஒரு வேலை

இனி செயல்முறை. நாம் எல்லோரும் ஏதோ ஒரு வகுப்பில் எழுதியிருக்கக்கூடிய ஒரு தலைப்பையே எடுத்துக்கொள்வோம்: 'பனை மரத்தைப் பாதுகாக்க வேண்டியது ஏன்?' பொதுவாக இதற்கு வரும் பதில் இப்படித்தான் இருக்கும்.

'பனை மரம் தமிழ்நாட்டின் மாநில மரமாகும். இது மிகவும் பயனுள்ள மரமாகும். இதிலிருந்து நுங்கு, பதநீர், கருப்பட்டி, பனங்கிழங்கு ஆகியவை கிடைக்கின்றன. மேலும் ஓலையில் விசிறி, பெட்டி செய்யலாம். பண்டைய காலத்தில் ஓலைச்சுவடிகளில் எழுதினார்கள். மேலும் பனை வறட்சியைத் தாங்கும். செங்கல் சூளைக்காகப் பனையை வெட்டுகிறார்கள். பனை ஏறுபவர்களும் குறைந்துவிட்டார்கள். எனவே பனையைக் காப்போம், நாட்டை வளர்ப்போம்.'

இதில் தப்பான தகவல் ஒன்றுகூட இல்லை. எழுதியவருக்கு விஷயம் தெரியும். ஆனால், நடு வாக்கியங்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த வித்தியாசமும் தெரியாது. எப்படி மாற்றினாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால், அது பாரா இல்லை, மளிகை லிஸ்ட். இன்னொன்றையும் கவனியுங்கள். கேள்வியில் இருக்கும் 'ஏன்' என்ற சொல்லுக்கு இதில் பதிலே இல்லை.

இதையே ஆறு ஸ்டெப்பில் சரி செய்வோம்.

1. கேள்வியின் கட்டளையைப் பிடியுங்கள்

எந்தக் கேள்வியிலும் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று, தலைப்பு. இன்னொன்று, கட்டளை. 'பனை மரம்' என்பது தலைப்பு. 'ஏன் பாதுகாக்க வேண்டும்' என்பது கட்டளை. நாம் தலைப்பைப் பார்த்ததுமே பேனாவை எடுத்துவிடுகிறோம். விவரி, ஒப்பிடு, காரணம் கூறு, உன் கருத்தை எழுது... ஒவ்வொன்றும் வேறு வேறு பதிலைக் கேட்கிறது. 'பனையின் பயன்களைப் பட்டியலிடு' என்று கேட்டிருந்தால் மேலே இருக்கும் லிஸ்ட் ஓரளவுக்கு ஓகே. 'ஏன்' என்று கேட்டால் காரணம் வேண்டும். கட்டளைச் சொல்லின் கீழே ஒரு கோடு போடுங்கள். ஐந்து செகண்ட் வேலை.

2. ஓரத்தில் கொட்டுங்கள்

மனதில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு சொல், இரண்டு சொல்லாகப் பேப்பர் ஓரத்தில் கொட்டிவிடுங்கள். நுங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலை, சுவடி, வறட்சி, சூளை, பனையேறி, மெதுவாக வளரும், ஆட்சியர் அனுமதி... முழு வாக்கியம் வேண்டாம், அழகும் வேண்டாம். மறந்துவிடுமோ என்ற பயம் இதிலேயே பாதி போய்விடும். தேர்வு முடிவதற்குள் ஒரு கோடு போட்டு அடித்துவிட மட்டும் மறக்காதீர்கள்.

3. ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்

மொத்தத் திட்டத்திலும் முக்கியமான ஸ்டெப் இதுதான். நண்பர் ஒருவர் போன் செய்து, 'டேய், பஸ் வந்துருச்சு, சீக்கிரம் சொல்லு... பனையை ஏன் காப்பாத்தணும்?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த ஒரு வரிதான் உங்கள் முதல் வாக்கியம்.

'பனை பயனுள்ள மரம்' என்று சொன்னால் அது பதில் ஆகாது. வேம்பும் பயனுள்ள மரம்தான், தென்னையும்தான். உங்கள் வரிக்கு இரண்டு டெஸ்ட் வையுங்கள். முதலாவது, 'அதனால என்ன?' என்று கேட்டால் தாங்குமா? இரண்டாவது, இதே வரியை வேறு எந்தத் தலைப்புக்கும் ஒட்ட முடியுமா? ஒட்ட முடிந்தால் அந்த வரியைத் தூக்கிப் போடுங்கள்.

கொட்டிய லிஸ்ட்டில் 'மெதுவாக வளரும்' என்று ஒன்று இருக்கிறது, பார்த்தீர்களா? பனைக்கென்றே உள்ள சங்கதி அது. அதிலிருந்து ஒரு வரி கிடைக்கிறது: 'ஒரு பனையை இழந்தால் அதைச் சீக்கிரத்தில் திரும்பப் பெற முடியாது.' இது பதில். இனி எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த வரிக்குத்தான் வேலை செய்ய வேண்டும்.

4. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டுங்கள்

இப்போது லிஸ்ட்டுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, 'நீ அந்த ஒரு வரிக்கு உதவுவியா?' என்று கேளுங்கள். சூளை உதவும். பனையேறி உதவுவார். ஆட்சியர் அனுமதி உதவும். ஓலைச்சுவடி? நல்ல விஷயம்தான், ஆனால் இந்த பாராவில் அதற்கு வேலை இல்லை. விசிறி, பெட்டி, மாநில மரம் எல்லாம் இங்கிருந்து கிளம்ப வேண்டியவை.

வலிக்கத்தான் செய்யும். 'படிச்சதை எழுதலைன்னா மார்க் போயிடுமே' என்ற பயம் பள்ளிக்கூடத்திலேயே நமக்குள் ஊறிப்போனது. பெரிய கட்டுரை என்றால் அவற்றுக்கு வேறு பாராவில் இடம் கொடுக்கலாம். ஒரே ஒரு பாராதான் என்றால் மூன்று நல்ல பாயின்ட் போதும். பத்து பாயின்ட்டை ஒரு வரி ஒரு வரியாகத் தொட்டுவிட்டு ஓடுவதைவிட, மூன்றை விளக்கிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்பது தெரியும்.

5. வரிசை போடுங்கள்

மிச்சமிருக்கும் பாயின்ட்டுகளை எந்த வரிசையில் வைப்பது? பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்று பொருந்திவிடும். முதலில் நடந்தது, பிறகு நடந்தது என்ற கால வரிசை. காரணம், விளைவு என்ற வரிசை. இதையும் அதையும் பக்கத்தில் வைக்கும் ஒப்பீட்டு வரிசை. பொதுவாக ஒன்றைச் சொல்லி, பிறகு உதாரணம் காட்டும் வரிசை. வரலாற்றுக் கேள்விக்குக் காலம், அறிவியலுக்குக் காரணம்-விளைவு என்று தொடங்கிப் பார்க்கலாம். நம் பனைக்கு ஒப்பீடும் விளைவும் சேர்ந்து சரியாக வருகிறது: வளர எவ்வளவு காலம், வெட்ட எவ்வளவு நேரம், இதனால் யாருக்கு நஷ்டம்? பாயின்ட்டுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று நம்பர் போட்டால் பிளான் ரெடி.

6. கொக்கி மாட்டுங்கள்

ரயில் பெட்டிகளை இணைக்கும் கொக்கிபோல, வாக்கியங்களுக்கு நடுவேயும் கொக்கி வேண்டும். ஆனால், அதனால், இருந்தாலும், உதாரணமாக, இதற்கு மாறாக... ஒவ்வொன்றும் அடுத்து என்ன வரப்போகிறது என்று படிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நம்மில் பலரிடம் இருக்கும் ஒரே கொக்கி, 'மேலும்'. எழுதி முடித்ததும் எத்தனை 'மேலும்' இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் போனால், மறுபடி லிஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'சென்று, பார்த்து, கேட்டு, எழுதி...' என்று நீட்டிக்கொண்டே போனால், என்ன நடந்தது என்று தெரிய வாக்கியத்தின் முடிவுவரை படிப்பவர் காத்திருக்க வேண்டும். யார் செய்தது என்பதே அதற்குள் மறந்துவிடும். இரண்டு வரிக்கு மேல் ஒரு வாக்கியம் ஓடினால் நடுவில் முற்றுப்புள்ளி வையுங்கள். 'இந்த', 'அது', 'இதனால்' என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினால் தொடர்ச்சியும் அறுபடாது.

இப்போது பாருங்கள்!

பிளான்படி எழுதினால் அந்தப் பனை பாரா இப்படி மாறுகிறது.

'பனையைக் காக்க வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணம், ஒரு மரத்தை இழந்தால் அதைச் சீக்கிரத்தில் திரும்பப் பெற முடியாது என்பதுதான். ஊன்றிய விதை வளர்ந்து பலன் தருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால், நன்கு வளர்ந்த ஒரு மரத்தை ஒரே நாளில் வெட்டி, செங்கல் சூளைக்கு விறகாக அனுப்பிவிடலாம். வெட்டிய இடத்தில் உடனே புதிய விதையை ஊன்றினாலும், அது வளரும்வரை பனையேறும் குடும்பத்துக்கு அந்த இடத்திலிருந்து வருமானம் கிடைக்காது. இதனால்தான் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் தமிழக அரசு வெளியிட்ட அறிவிப்பு முக்கியமானதாகிறது. விதை ஊன்றுவது அடுத்த தலைமுறைக்கான வேலை என்றால், நிற்கும் மரத்தைக் காப்பது இந்தத் தலைமுறைக்கான வேலை.'

முதல் பாராவில் இருந்த தகவல்களில் பாதிகூட இதில் இல்லை. ஆனால், எழுதியவர் யோசித்திருக்கிறார் என்பது தெரிகிறது. ஒரு வாக்கியத்தை இடம் மாற்றினால் மொத்தமும் சரிந்துவிடும். கடைசி வரியையும் கவனியுங்கள். முதல் வரியையே திரும்பச் சொல்லவில்லை. அதிலிருந்து ஒரு படி முன்னே போய் முடிக்கிறது. 'நாட்டை வளர்ப்போம்' மாதிரி எங்கேயும் ஒட்டக்கூடிய கோஷத்துக்கு அவசியமே வரவில்லை.

'இதுக்கெல்லாம் எக்ஸாம்ல நேரம் ஏது பாஸ்?'

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். யு.பி.எஸ்.சி மெயின் தேர்வில் பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம். பொதுவாக 20 கேள்விகள். 10 மார்க் கேள்விக்கு 150 வார்த்தைகள், 15 மார்க் கேள்விக்கு 250 வார்த்தைகள். சராசரியாக ஒரு கேள்விக்குக் கிடைப்பது 9 நிமிடம். அதில் ஒன்றரை நிமிடத்தைப் பிளானுக்கு ஒதுக்கினாலும் எழுத ஏழரை நிமிடம் மிச்சம். பிளான் இல்லாமல் எழுதும்போது நடுவில் 'அடுத்து என்ன?' என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறோமே, அந்த நேரத்தைத்தான் இங்கே முன்கூட்டியே செலவு செய்கிறோம்.

ஆரம்பத்தில் ஒன்றரை நிமிடம் போதாது. வீட்டில் பழகும்போது ஐந்து நிமிடம்கூட ஆகலாம். பத்து, பதினைந்து பாரா எழுதிய பிறகு கை தானாகவே வேகம் எடுக்கும். ஏ.ஐ செயலியிடம் கேட்டால் ஒரு நொடியில் பாரா வந்துவிடும்தான். ஆனால், தேர்வு அறைக்குள் போன் வராது. எழுதி வாங்குவதற்குப் பதில், நீங்கள் எழுதியதைக் கொடுத்து 'இதில் நான் சொல்ல வருவது என்ன, ஒரு வரியில் சொல்' என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்த வரி வராவிட்டால், பாராவில் எங்கோ ஓட்டை இருக்கிறது. இதே வேலையை ஒரு நண்பரிடம் கேட்டாலும் செய்து தருவார்.

பரீட்சையோடு முடிகிற விஷயமா?

இல்லை. ஒரு கல்லூரி மாணவி, ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட அவகாசம் கேட்டு மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

'வணக்கம் சார். நான் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் அப்பா விவசாயம் செய்கிறார். இந்த வருடம் சரியான மழை. நான் நன்றாகப் படிக்கும் மாணவி. அரியர் எதுவும் இல்லை. ஹாஸ்டலில் எந்தப் பிரச்னையும் செய்ததில்லை. ஃபீஸ் விஷயமாகத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து உதவவும்.'

படிக்கும் அலுவலருக்கு இவர் மேல் இரக்கம் வரலாம். ஆனால், என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ஃபீஸைக் குறைக்க வேண்டுமா, தள்ளிப்போட வேண்டுமா, எத்தனை நாள்? இதையே பிளான் போட்டு எழுதினால்...

'வணக்கம் சார். இந்த செமஸ்டர் ஹாஸ்டல் ஃபீஸைக் கட்ட ஜனவரி 31 வரை அவகாசம் வேண்டுகிறேன். அப்பா நெல் விவசாயி. மழையால் அறுவடை மூன்று வாரம் தள்ளிப்போனதால், பணம் ஜனவரி கடைசி வாரத்தில்தான் கைக்கு வரும். இதற்கு முன் எல்லா செமஸ்டரிலும் கெடு தேதிக்குள் கட்டியிருக்கிறேன், ரசீதுகளை இணைத்துள்ளேன்.'

கேட்பது முதல் வரியில். காரணம் அடுத்து. நம்புவதற்கான ஆதாரம் கடைசியில். இதைப் படிப்பவர் 'சரி' அல்லது 'முடியாது' என்று உடனே பதில் சொல்ல முடியும். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு எழுதும் புகார், வேலைக்கு விண்ணப்பிக்கும் மெயில், மேனேஜருக்கு அனுப்பும் லீவ் மெசேஜ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

சில சின்ன சந்தேகங்கள்

ஒரு பாராவுக்கு எத்தனை வரி? நிரந்தரக் கணக்கு கிடையாது. விடைத்தாளில் ஐந்து முதல் எட்டு வாக்கியம் வசதியாக இருக்கும். போன் திரையில் படிக்கும் விஷயம் என்றால் இன்னும் சின்னதாக வைக்கலாம். நீளத்தைப் பார்த்து பாராவைப் பிரிக்காதீர்கள். வேலை மாறும்போது பிரியுங்கள்.

முக்கியமான வரி எப்போதும் முதலில்தான் வர வேண்டுமா? கதை, அனுபவக் கட்டுரையில் கடைசிக்குத் தள்ளி வைக்கலாம், சஸ்பென்ஸ் நன்றாக இருக்கும். தேர்விலும் விண்ணப்பத்திலும் அந்த ரிஸ்க் வேண்டாம்.

எப்படிப் பழகுவது? தினமும் ஒரு செய்தித் தலையங்கத்தை எடுங்கள். ஒவ்வொரு பாராவுக்குப் பக்கத்திலும் 'இது என்ன வேலை செய்கிறது?' என்று நான்கே சொற்களில் எழுதுங்கள். பிரச்னையைச் சொல்கிறது, காரணம் காட்டுகிறது, எதிர்க்கருத்துக்குப் பதில் தருகிறது... இப்படி. ஒரு வாரம் செய்து பார்த்தால், நன்றாக எழுதியவர்கள் எங்கே எதை வைக்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். எட்டாவது நாள், உங்கள் பழைய விடைத்தாள் ஒன்றை எடுத்து அதே டெஸ்ட்டை வையுங்கள். நான்கு சொல் கிடைக்காமல் எந்த பாரா முழிக்க வைக்கிறதோ, மார்க் போன இடம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.